வீடு புதுப்பித்த பிறகு ரேடியேட்டர் சுடவில்லையா? பிரிட்டனில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சமையலறையை நீட்டிக் கட்டி, தரை போட்டு, பெயின்ட் அடித்து முடித்தாயிற்று. அக்டோபரில் முதல் குளிர் வந்ததும் ஹீட்டிங்கைப் போடுகிறீர்கள். மாடியில் கொதிக்கிறது, புது அறையில் ரேடியேட்டர் பச்சைத்தண்ணீர் மாதிரி கிடக்கிறது. பில்டரைக் கூப்பிட்டால் வரும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: "பாய்லர் போதாது, பெரிசு போடணும்" அல்லது "பவர் ஃபிளஷ் (இயந்திரத்தால் குழாய்களை அலசுவது) செய்யணும்". இரண்டுக்கும் உடனே தலையாட்டாதீர்கள். வேலைக்கு முன் ஒழுங்காகச் சூடான வீட்டில், வேலை முடிந்ததும் ஒரு ரேடியேட்டர் மட்டும் சுடவில்லை என்றால், வேலையில் கை பட்ட இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். அந்தத் தேடலில் பெரும்பகுதியை நீங்களே ஒரு சனிக்கிழமையில் செய்துவிடலாம்.

லண்டனில் ஹாரோ பக்கத்து 1930களின் செமி, ஈஸ்ட் ஹாம் பக்கத்து விக்டோரியன் டெரஸ் போன்ற வீடுகளில் இன்று பரவலாக இருக்கும் அமைப்பை வைத்தே இதை எழுதுகிறேன்: காம்பி பாய்லர் (தொட்டி இல்லாமல் ஹீட்டிங்கையும் வெந்நீரையும் தரும் ஒரே பெட்டி), மூடிய குழாய்ச் சுற்று, ரேடியேட்டருக்கு 15 மில்லிமீட்டர் குழாய்.

ஒரு எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டர், அதன் வால்வு, அதற்குள் ஓடும் தண்ணீர் ஆகியவற்றில் வீட்டுக்காரர் கை வைக்கலாம். பாய்லரின் மூடியைத் திறக்கக் கூடாது. அது கேஸ் சேஃப் என்ற கேஸ் வேலைக்காரர் பதிவேட்டில் பதிவு உள்ளவரின் வேலை.

1. திருகுவதற்கு முன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ரேடியேட்டர் சாவி (ஒன்றிரண்டு பவுண்ட்), சிறிய அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், பழைய துண்டு இரண்டு, ஒரு வெள்ளைக் கோப்பை, குழாயில் கவ்வி மாட்டும் தெர்மாமீட்டர் இரண்டு (ஜோடி 10 முதல் 20 பவுண்ட்). தெர்மாமீட்டரை வீண் செலவு என்று விடாதீர்கள். கையால் தொட்டுப் பார்த்தால் எத்தனை டிகிரி என்று தெரியாது. "சூடு" என்று மட்டும்தான் படும்.

காகிதங்களில் நான்கு வேண்டும்: பாய்லரின் கையேடு, அதன் கடைசிப் பக்கங்களில் இருக்கும், பாய்லரைப் பொருத்தியவர் நிரப்பும் பெஞ்ச்மார்க் சரிபார்ப்புப் பட்டியல், புது ரேடியேட்டரின் விவரத்தாள், பில்டரின் எஸ்டிமேட்டும் பில்லும். தரையை மூடுமுன் குழாய்கள் ஓடிய வழியை யாராவது போனில் படம் பிடித்திருந்தால் அதையும் தேடி எடுங்கள். பின்னால் பிளம்பருக்கு அது பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

2. பாய்லரின் பிரஷரைப் பாருங்கள்

குழாய் வேலைக்காகத் தண்ணீரை வடித்திருப்பார்கள். திரும்ப நிரப்பியதும் காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற, பிரஷர் இறங்கும். பாய்லர் ஆறியிருக்கும்போது முள் 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும். 0.5க்குக் கீழே போனால் மாடி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஏறவே சிரமப்படும். பல பாய்லர்கள் தாமாகவே நின்றுவிடும்.

பாய்லரின் அடியிலோ அருகிலோ உள்ள ஃபில்லிங் லூப்பின் (ஹீட்டிங்கில் தண்ணீர் நிரப்பும் குழாய்) இரண்டு குழாய்த் திருப்பிகளையும் மெல்லத் திறந்து, 1.2 வந்ததும் இரண்டையும் மூடுங்கள். சரியாக மூடாவிட்டால் பிரஷர் ஏறிக்கொண்டே போய், 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவர்க் குழாய் வழியே தண்ணீர் கொட்டும். நிரப்பிய பிறகு ஃபில்லிங் லூப் குழாயைக் கழற்றி வைப்பதுதான் முறை.

முதல் இரண்டு வாரங்களில் ஒன்றிரண்டு முறை நிரப்ப வேண்டி வருவது இயல்பு. ஒரு மாதம் ஆன பிறகும் வாரந்தோறும் இறங்கினால் எங்கோ கசிகிறது. புதுத் தரைக்கும் சுவரடிப் பலகைக்கும் அடித்த ஆணிகளைச் சந்தேகப்படுங்கள். குழாயில் இறங்கிய ஆணி அந்தத் துளையைத் தானே அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் காட்டிக்கொடுக்காமல் இருக்கும்.

3. எங்கே குளிர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

ஹீட்டிங்கை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஒவ்வொரு ரேடியேட்டராகப் போய், மேலே, நடுவே, கீழே, இரண்டு பக்கக் குழாய்களிலும் தொட்டுப் பார்த்து எழுதுங்கள்.

மேல்பக்கம் குளிர்ந்து கீழே சுட்டால், உள்ளே காற்று. கீழ் நடுப்பகுதி மட்டும் குளிர்ந்தால், சகதி. ஒரு குழாய் சுட்டு, ரேடியேட்டர் முழுக்கக் குளிர்ந்தால் வால்வு மூடியிருக்கிறது. இரண்டு குழாய்களுமே குளிர்ந்தால் தண்ணீர் அங்கே வந்து சேரவில்லை. எல்லா ரேடியேட்டரும் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் இந்த ரேடியேட்டரை விட்டுவிட்டுப் பாய்லரின் வெப்ப அளவையும் தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள். செங்குத்தான புது ரேடியேட்டரில் பாதி மட்டும் சுட்டால் 7ஆம் படிக்குப் போங்கள்.

4. காற்றை எடுங்கள்

ஹீட்டிங்கை நிறுத்தி, ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருங்கள். பம்ப் ஓடும்போது திருகைத் திறந்தால் சில இடங்களில் காற்று உள்ளே இழுக்கப்படும். வெந்நீர் கையில் பீய்ச்சவும் செய்யும். கீழ்த்தளத்தில் தொடங்கி மாடிக்குப் போங்கள். துண்டைப் பிடித்துக்கொண்டு சாவியைக் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில் கால் திருப்பு, மிஞ்சினால் அரைத் திருப்பு. "உஸ்" என்ற சத்தம் நின்று தண்ணீர் சீராக வந்ததும் மூடிவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் மறுபடி பிரஷரைப் பார்த்து நிரப்புங்கள். பலர் இதை மறந்துவிட்டு, காற்று எடுத்ததால் பாய்லர் கெட்டுவிட்டது என்று பயப்படுகிறார்கள்.

திருகைத் திறந்தும் காற்றும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை என்றால் அதன் பக்கத்தில் இருக்கும் குண்டூசித் தலையளவு துளையைப் பாருங்கள். பெயின்ட் அடித்தவர் அதன் மீதும் இரண்டு கோட் அடித்திருப்பார். ஊசியால் கீறி எடுத்தால் போதும்.

நிரப்பிய முதல் இரண்டு வாரம் மூன்று தடவை காற்று எடுக்க நேர்வதில் பயமில்லை. மாதங்கள் கழித்தும் அதே ரேடியேட்டரில் வாயு சேர்ந்துகொண்டே இருந்தால் அது வெறும் காற்றாக இல்லாமல், உள்ளே இரும்பு துருப்பிடிப்பதால் பிறக்கும் ஹைட்ரஜனாக இருக்கக்கூடும். பக்கத்தில் நெருப்பு வைக்காதீர்கள். தண்ணீரில் போதிய இன்ஹிபிட்டர் (துருவைத் தடுக்கும் ரசாயனம்) இல்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

5. வால்வுகள்: பாதிக் கோளாறு இங்கேதான்

ரேடியேட்டரின் ஒரு பக்கம் எண் போட்ட தலையோடு இருப்பது, அறை சூடானதும் தானே மூடிக்கொள்ளும் தெர்மோஸ்டாட் வால்வு, பிளம்பர்கள் வாயில் டி.ஆர்.வி. மறுபக்கம் மொட்டைப் பிளாஸ்டிக் மூடியோடு இருந்து, எவ்வளவு தண்ணீர் ஓடலாம் என்று கட்டுப்படுத்துவது லாக்‌ஷீல்டு. பெயின்ட் அடிப்பதற்கோ சுவர் பூசுவதற்கோ ரேடியேட்டரை இறக்கியிருந்தால் இரண்டையும் மூடியிருப்பார்கள். திரும்ப மாட்டும்போது திறந்தார்களா என்பதுதான் கேள்வி.

முதலில் டி.ஆர்.வி. தலையை 5க்குத் திருப்பி, அதன் அடியில் உள்ள வளையத்தைக் கையால் எதிர்ச்சுற்றில் தளர்த்தித் தலையைக் கழற்றுங்கள். தண்ணீர் வராது. உள்ளே நடுவில் ஒரு மெல்லிய உலோக ஊசி நிற்கும். ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தால் அழுத்தினால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கி, விட்டதும் துள்ளி மேலே வர வேண்டும். இறங்கியே கிடந்தால் வால்வு மூடியபடி சிக்கியிருக்கிறது. கோடை முழுக்க மூடியிருந்தாலும், தூசியும் பூச்சுமண்ணும் ஏறியிருந்தாலும் இப்படி ஆகும். பக்கவாட்டில் ஸ்பேனர்ப் பிடியால் லேசாகத் தட்டி, ஒரு சொட்டு சிலிக்கோன் எண்ணெய் விட்டு, அழுத்தி அழுத்தி விடுங்கள். குறடால் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள். சில வால்வுகளில் ஊசி கழன்று கையோடு வந்துவிடும். பின்னாலேயே கறுப்புத் தண்ணீர் சுவரெல்லாம் அடிக்கும்.

ரேடியேட்டரைக் கழற்றும்போது பாதுகாப்புக்காக டி.ஆர்.வி. தலைக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் மூடியைத் திருகி ஊசியை அழுத்தி வைப்பார்கள். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட்டுத் தலையை மாட்ட வேண்டும். அந்த மூடியே இன்னும் இருந்தால் ரேடியேட்டர் எந்நாளும் சுடாது. எண்கள் இல்லாத மூடி ஒன்று தலை இருக்க வேண்டிய இடத்தில் தெரிந்தால் அதுதான்.

இனி லாக்‌ஷீல்டு. பிளாஸ்டிக் மூடியைப் பிடுங்கினால் உள்ளே பக்கங்கள் தட்டையான பித்தளைத் தண்டு. கடிகாரச் சுற்றில் திருப்பினால் மூடும். இப்போது எத்தனை திருப்பில் மூடுகிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு, பிறகு முழுக்கத் திறந்து பாருங்கள். "மூட அரைத் திருப்பு பிடித்தது" என்று ரேடியேட்டருக்கு ஒரு வரி எழுதிவைத்தால், பின்னால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும்.

புது வால்வு என்றால் அதன் உடம்பில் அம்புக்குறி உண்டா என்று பாருங்கள். இரு முனை அம்பு இருந்தால் எந்தப் பக்கமும் போடலாம். ஒரே முனை என்றால் தண்ணீர் அந்தத் திசையில்தான் ஓட வேண்டும். மாறிப்போனால் வால்வு மூடப்போகும் நேரத்தில் சுத்தியலால் அடிப்பதுபோல் தடதடக்கும்.

6. மற்ற எல்லாவற்றையும் மூடிப் பாருங்கள்

பணம் செலவில்லாத, ஆனால் யாரும் சொல்லித்தராத சோதனை இது. சுடாத ரேடியேட்டரின் இரண்டு வால்வுகளையும் முழுக்கத் திறந்துவைத்து, வீட்டிலுள்ள மற்ற ரேடியேட்டர்களை மூடுங்கள். ஹீட்டிங்கைப் போட்டுப் பத்து நிமிடம் அருகிலேயே நில்லுங்கள். அதற்குமேல் ஓடவிட வேண்டாம். ஒரே ரேடியேட்டரால் பாய்லரின் சூட்டை வாங்க முடியாது.

இப்போது சுட்டால், குழாயும் வால்வும் ரேடியேட்டரும் நன்றாக இருக்கின்றன. மற்ற ரேடியேட்டர்கள் தண்ணீரை முந்தி இழுத்துக்கொள்வதுதான் பிரச்சினை. பேலன்ஸ் செய்தால், அதாவது ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் போகும் தண்ணீரை வால்வால் அளவாக்கினால், தீரும் (8ஆம் படி). கதவுக்கு மேலே ஏறி இறங்கும் குழாயில் காற்று அடைத்திருந்தாலும் பல சமயம் இந்தச் சோதனையிலேயே பெருமூச்சுபோல் ஒரு சத்தத்தோடு விலகிவிடும்.

அப்போதும் சுடவில்லை என்றால், வால்வு, அடைப்பு, தப்பான இணைப்பு ஆகிய மூன்றில் ஒன்று. வால்வை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். எக்ஸ்டென்ஷன்களில் நேரும் தப்பான இணைப்பு எப்படிப்பட்டது என்றால், புது ரேடியேட்டரின் இரண்டு குழாய்களையும் தரைக்கடியில் ஒரே குழாயில் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள். வரும் குழாயில் ஒன்று, திரும்பும் குழாயில் ஒன்று என்று இணைத்தால்தான் இரண்டுக்கும் இடையே அழுத்த வித்தியாசம் இருக்கும், தண்ணீர் ஓடும். இரண்டுமே ஒன்றில் சேர்ந்தால் தண்ணீருக்கு ரேடியேட்டர் வழியே போகக் காரணமே இல்லை. பவர் ஃபிளஷ் பத்துமுறை செய்தாலும் இது தீராது. செய்தவரே தரையைத் திறந்து மாற்ற வேண்டும், அவர் செலவில்.

7. செங்குத்து ரேடியேட்டர்

புதுச் சமையலறையில் சுவர் மிச்சப்படும் என்று ஆளுயர ரேடியேட்டர் போடுகிறார்கள். இரண்டு குழாய்களும் கீழேயே வரும் மாடல்கள் பலவற்றில், ஒரு பக்கத்தில் மட்டும் உள்ளே ஒரு தடுப்பு இருக்கும். அதுதான் தண்ணீரை நேராக மறுபக்கம் ஓடிவிடாமல் மேலே ஏற்றும். வெந்நீர் வரும் குழாயை அந்தக் குறித்த பக்கத்தில் கொடுக்காவிட்டால் பாதி சுடும், பாதி குளிரும். சில மாடல்களில் இந்தத் தடுப்பு ஒரு சின்னத் துண்டாகப் பெட்டியோடு வரும், மாட்டுபவர் பொருத்த வேண்டும். அட்டையோடு குப்பைக்குப் போயிருக்கும். விவரத்தாளை எடுத்து, "வரும் குழாய் எந்தப் பக்கம்" என்று பாருங்கள். ஹீட்டிங்கைப் போட்டதும் முதலில் சுடும் குழாய்தான் வரும் குழாய். இரண்டும் பொருந்தவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

8. பேலன்ஸ் செய்வது

எட்டு ரேடியேட்டர் வீட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். பிளம்பர்கள் இதைத் தவிர்ப்பதும் அதனால்தான்.

எல்லா டி.ஆர்.வி.க்களையும் 5இல் வையுங்கள், லாக்‌ஷீல்டுகளை முழுக்கத் திறங்கள், தெர்மோஸ்டாட்டை 30க்கு ஏற்றுங்கள். வீடு ஆறிய நிலையில் ஹீட்டிங்கைப் போட்டு, எது முதலில் சுடுகிறது, எது இரண்டாவது என்று வரிசையை எழுதுங்கள். முதலில் சுட்டதிலிருந்து தொடங்குங்கள். அதன் லாக்‌ஷீல்டை மூடி, கால் திருப்பு மட்டும் திறங்கள். இரண்டு குழாய்களிலும் தெர்மாமீட்டர் மாட்டி, ஐந்து பத்து நிமிடம் பொறுத்து வித்தியாசத்தைப் படியுங்கள். பழைய பாய்லருக்கு 11, 12 டிகிரி வித்தியாசம் வழக்கம். இன்றைய கண்டென்சிங் பாய்லரில் (வெளியேறும் புகையின் சூட்டையும் மீட்கும் வகை) 70 டிகிரியில் தண்ணீர் போனால் 20 வரை இருக்கலாம்; 55, 60 டிகிரியில் ஓட்டினால் வித்தியாசம் அதைவிடக் குறையும். கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் குறைவாக இருந்தால் இன்னும் மூடுங்கள், கூடுதலாக இருந்தால் சற்றுத் திறங்கள். பட்டியலின்படி அடுத்ததுக்குப் போங்கள். கடைசி ரேடியேட்டரின் லாக்‌ஷீல்டு அநேகமாக முழுக்கத் திறந்தே இருக்கும்.

ஒன்றைத் திருகினால் மற்றதில் தண்ணீர் கூடும். ஆகவே ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி ஒரு சுற்று போய் வாருங்கள்.

எவ்வளவு திருகியும் புது அறைகள் மட்டும் சுடவில்லையா? ஒரே 15 மில்லிமீட்டர் கிளையில் எத்தனை ரேடியேட்டர் தொங்குகின்றன என்று கணக்கிடுங்கள். 11 டிகிரி வித்தியாசத்தில் 15 மில்லிமீட்டர் செம்புக் குழாய் சுமார் 6 கிலோவாட் சுமக்கும், 10 மில்லிமீட்டர் குழாய் சுமார் இரண்டரைதான். பழைய ரேடியேட்டரின் 10 மில்லிமீட்டர் குழாயில் கிளை வைத்து எக்ஸ்டென்ஷனுக்கு இரண்டு பெரிய ரேடியேட்டரை ஓட்டியிருந்தால், வால்வுகளைத் திருகிப் பயனில்லை. 22 மில்லிமீட்டர் குழாயிலிருந்து புதுக் கிளை இழுக்க வேண்டும்.

9. சகதி

கீழ்ப்பக்கம் குளிர்ந்தால், காற்றுத் திருகிலிருந்து கொஞ்சம் தண்ணீரை வெள்ளைக் கோப்பையில் பிடியுங்கள். மை போலக் கறுத்து, கோப்பைக்கு வெளியே காந்தத்தை வைத்ததும் கறுப்பு அந்தப் பக்கம் ஒதுங்கினால், அது இரும்புத் துரு. வடித்து நிரப்பும் வேலையில் பழைய சகதி கிளறப்பட்டு, புது ரேடியேட்டரின் அடியில் போய்த் தங்கும்.

ஒரே ரேடியேட்டர் என்றால் பவர் ஃபிளஷ் வேண்டாம். இரண்டு வால்வையும் மூடி, கழற்றி, தோட்டத்தில் ஹோஸால் அலசலாம். தண்ணீர் நிறைந்த இரட்டைத் தகட்டு ரேடியேட்டரை ஒருவர் தூக்கக் கூடாது. இரண்டு பேர் வேண்டும். இரண்டு வாயிலும் துணியை அடைத்துக்கொண்டு நடங்கள். கம்பளத்தில் சிந்திய அந்தக் கறை போகாது.

வீடு முழுக்க இப்படி என்றால் பவர் ஃபிளஷ் நியாயம்தான். ரேடியேட்டர் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறத்தாழ 400 முதல் 800 பவுண்ட் கேட்பார்கள். பிரிட்டிஷ் தரம் பி.எஸ். 7593இன் 2019 பதிப்பு கேட்பது மூன்று: குழாய்களை அலசுவது, இன்ஹிபிட்டர் ஊற்றுவது, பாய்லருக்கு முன் ஃபில்டர் வைப்பது. உங்கள் வேலையில் தண்ணீரை வடித்திருந்தால் இன்ஹிபிட்டர் ஊற்றினார்களா என்று கேளுங்கள். ஒரு பாட்டில் பொதுவாகப் பத்து ரேடியேட்டர் வீட்டுக்குப் போதும், விலை 10 முதல் 25 பவுண்ட். இதை மிச்சம் பிடித்தவர் உங்கள் பாய்லரின் ஆயுளைக் குறைக்கிறார்.

10. தெர்மோஸ்டாட் எங்கே மாட்டியிருக்கிறது?

ஹாலில் இருந்த தெர்மோஸ்டாட்டைப் புதுச் சமையலறைக்கு மாற்றியிருந்தால், அடுப்புச் சூட்டிலும் கண்ணாடிக் கதவு வெயிலிலும் அது "போதும்" என்று பாய்லரை நிறுத்திவிடும், படுக்கையறைகள் குளிரும். வயரில்லாத மாடல் என்றால் குளிரும் அறையில் கொண்டுபோய் ஒரு நாள் முழுக்க வைத்துப் பாருங்கள். அது இருக்கும் அறையில் டி.ஆர்.வி. இருந்தால் 5இலேயே விடுங்கள். இல்லையேல் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

11. எல்லாம் சரி, அறைதான் குளிர்கிறது

ரேடியேட்டர் மேலிருந்து கீழ்வரை சுட்டும் அறை ஏறவில்லை என்றால் ரேடியேட்டர் சிறியது. சுவரை இடித்து இரண்டு அறைகளை ஒன்றாக்கி, மூன்று மீட்டர் கண்ணாடிக் கதவு வைத்து, இருந்த இரண்டு ரேடியேட்டரில் ஒன்றைத் தூக்கிவிட்டால் வேறென்ன நடக்கும்?

இங்கே ஒரு பொறி. அட்டையில் எழுதிய வாட் கணக்கு, ரேடியேட்டரின் சராசரிச் சூடு அறையைவிட 50 டிகிரி அதிகம் என்று வைத்துப் போட்டது. 600க்கு 1000 மில்லிமீட்டர் இரட்டைத் தகட்டு ரேடியேட்டருக்குச் சுமார் 1700 வாட் என்றிருக்கும். தண்ணீரை 55 டிகிரியில் அனுப்பி 45இல் திரும்பப் பெற்றால் சராசரி 50; அறை 20 டிகிரி என்றால் வித்தியாசம் 30தான். கிடைப்பது ஏறத்தாழப் பாதி, 870 வாட். இங்கிலாந்தில் 2022 ஜூன் 15 முதல், புதிதாகவோ முழுதாக மாற்றியோ போடும் ஹீட்டிங்கை 55 டிகிரிக்கு மேல் போகாதபடி அளவிட வேண்டும் என்பது கட்டட விதி. ரேடியேட்டரைத் தேர்ந்தவர் எந்தக் கணக்கை வைத்துத் தேர்ந்தார் என்று கேளுங்கள். சோதிக்க வழி எளிது: பாய்லரை ஒரு நாள் 70க்கு ஏற்றிப் பாருங்கள். அறை சூடானால் மாற்ற வேண்டியது ரேடியேட்டரைத்தான்.

பெரிய பாய்லர் என்ற பேச்சுக்கும் பதில் இதுவே. காம்பி பாய்லருக்கு 24, 30 கிலோவாட் கொடுப்பது ஷவருக்கு உடனுக்குடன் வெந்நீர் வேண்டும் என்பதற்காக. மூன்று படுக்கையறை செமி வீட்டை உறைபனி நாளில் சூடாக்கப் பெரும்பாலும் அதில் பாதிகூடத் தேவைப்படாது.

12. ஆளைக் கூப்பிடும்போது

வேலை செய்தவருக்கே முதலில் மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் பேசியது நிற்காது. எந்த ரேடியேட்டர், இரண்டு குழாய்களின் வெப்பம், 6ஆம் படிச் சோதனையின் முடிவு, படங்கள், தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால், நியாயமான காலத்துக்குள் இலவசமாகத் திருத்தித் தரும்படி கேட்கலாம். திருத்தாவிட்டால் விலையைக் குறைக்கக் கேட்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்குமுன் சிட்டிசன்ஸ் அட்வைஸில் இலவசமாக ஆலோசனை கேட்டுக்கொள்ளுங்கள்.

பாய்லரைத் தொட்டவர் கேஸ் சேஃப் அட்டையைக் காட்டினாரா? அட்டையின் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கும். முன்பக்கத்தைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். புது பாய்லர் போட்டிருந்தால் கட்டட விதிச் சான்றிதழ் தபாலில் வந்திருக்க வேண்டும். வீட்டை விற்கும்போது வக்கீல் அதைக் கேட்பார்.

இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கிறதா? அப்படியானால் நீங்கள் நல்ல இடத்தில் நிற்கிறீர்கள். தரையை மூடுவதற்கு முன்பே குழாய்களில் தண்ணீர் நிரப்பி, கோடையே ஆனாலும் ஒரு மணி நேரம் ஹீட்டிங்கை ஓடவிட்டு, ஒவ்வொரு ரேடியேட்டரையும் பில்டரோடு சேர்ந்து தொட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்தில் கடைசித் தவணையாக ஒரு பகுதியை நிறுத்திவைக்க இடம் வைத்து, அது எல்லா ரேடியேட்டரும் சூடாகி, பிரஷர் இரண்டு வாரம் இறங்காமல் நின்ற பிறகே கொடுக்கப்படும் என்று எழுதிவிடுங்கள். டிசம்பரில் பிளம்பர் கிடைப்பது குதிரைக்கொம்பு. செப்டம்பரிலேயே இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள்.